படலை நவரட்ணம்

நவரட்ணம் அண்ணை கடைக்குள் நுழையும்போது யாராவது ஒருவர் "கிறீச்" என்று சத்தம் வைப்பார். பிணைச்சல் துருப்பிடித்த வேலிப் படலை திறக்கிற சத்தம். கடையில் நிற்கிற பத்துப் பதினைந்து பேரும் சிரிப்போம். அவரும் சிரிப்பார். பிறகு ஒரு பிளேன் ரீ வாங்கிக்கொண்டு குளிர்பானப் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்வார். நாற்பத்திரண்டு வயது. ஆறடி உயரம். கைவிரல்கள் அந்த உயரத்துக்கும் மிஞ்சின நீளம். அந்தக் கைகளால் அவர் பிடித்த பந்துகளைப் பற்றி அந்தக் கடையில் ஒருநாளும் ஒருவரும் கதைத்ததில்லை. பிடிக்காத ஒரு பந்தைப் பற்றித்தான் கதை.

கடை ரொறன்ரோவில் ஸ்ரீல்ஸ் வீதியில், மில்லிக்கன் பக்கத்துப் பிளாசா ஒன்றில் இருந்தது. இடியப்பமும் ரோல்ஸும் பார்சல் கட்டிக் கொடுக்கிற கடை. நான் சொல்வது 1996ஆம் ஆண்டு. ஒவ்வொரு ஓகஸ்ட் மாதக் கடைசி ஞாயிறும் இலந்தையடி இந்துக் கல்லூரியின் பழைய மாணவர்களுக்கும் சென் லூக்ஸ் கல்லூரியின் பழைய மாணவர்களுக்கும் ஸ்காபரோவில் உதைபந்தாட்டம் நடக்கும். யாழ்ப்பாணத்தில் எங்கள் அப்பாமார் காலத்திலிருந்தே இந்த இரண்டு கல்லூரிக்கும் ஆகாது. அங்கே முந்தின வருடம் யுத்தத்தில் பட்டணமே இடம்பெயர்ந்து போயிருந்தது. பந்து உருட்ட ஆளும் இல்லை, இடமும் இல்லை. ஆகவே இங்கே நடப்பதுதான் ஆட்டம் என்றாகிவிட்டது.

ஆட்டத்துக்கு ஆறு கிழமை இருக்கும்போதே சனிக்கிழமை காலைகளில் எங்கள் ஆட்கள் அந்தக் கடையில் கூடத் தொடங்கிவிடுவார்கள். இந்த முறை யார் பின்னுக்கு விளையாடுவது, லூக்ஸ்காரர் மொன்றியலிலிருந்து ஆள் இறக்குகிறார்களாமே, கொடிக்குத் துணி எடுத்தாச்சா என்று கதை போகும். எங்கே போனாலும் கடைசியில் எழுபத்திரண்டில் வந்து நிற்கும்.

எழுபத்திரண்டைச் சொல்லுவதில் பொன்னம்பலம் அண்ணையை மிஞ்ச ஆளில்லை. அந்த வருடத்து கப்டன் அவர்தான். பின்வரிசையில் நடுவில் நின்று விளையாடியவர். இங்கே எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் தலைவர். வீடு வாங்கி விற்றுக் கொடுக்கிற முகவர்; தமிழ்ப் பத்திரிகைகளில் வாரம் தவறாமல் அவருடைய சிரித்த முகம் வரும்.

"ஆடி மாதம். சோளகம் பேய்க்காத்தா அடிக்குது," என்று தொடங்குவார்.

முற்றவெளி மைதானத்தில் எள்ளுப் போட இடமில்லை. கோட்டை அகழிக் கரை முழுக்கச் சைக்கிள்கள், ஒன்றின் மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடக்கின்றன. எங்கள் கல்லூரி வாத்தியக் குழு லொறி ஒன்றில் ஏறி நிற்கிறது. லூக்ஸ்காரருக்கு இரண்டு லொறி. ஐஸ்கிறீம் வான்காரன் விற்கிறதை விட்டுவிட்டு மணியைப் போட்டு அடிக்கிறான். கச்சான்காரி எந்தப் பக்கம் என்று கேட்டு, சரியான பதில் சொன்னவனுக்கு மட்டும் கடலைச் சுருள் கொடுக்கிறாள். எங்கள் அதிபர் வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார், அவருடைய முழங்காலை அன்றைக்குத்தான் கல்லூரி முதன்முதல் கண்டது. ஆட்டம் முடிய ஒரு நிமிடம். இரண்டு பக்கமும் கோல் இல்லை.

இந்த இடத்தில் பொன்னம்பலம் அண்ணை ரீக் கோப்பையைக் கீழே வைப்பார்.

"லூக்ஸ் இக்னேசியஸ் முப்பது யார் தூரத்திலையிருந்து ஒரு அடி. அடி எண்டும் சொல்லேலாது. தட்டுறான். பந்து உருண்டு உருண்டு வருது. எங்கடை ஆள் குனிஞ்சு நிக்கிறான். கால் ரண்டும் அகல. வருது... வருது..." இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் ஒன்றாக வைத்து மெதுவாக விரிப்பார். "கிறீச்."

கடை அதிரும். எனக்கு எழுபத்திரண்டில் நாலு வயது. ஆட்டம் நடந்த இடத்துக்கு ஐந்து மைலுக்குள் நான் இருந்திருக்கவே மாட்டேன். ஆனாலும் அந்தக் கதையை நேரில் பார்த்தவன்போல நானும் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். கதைக்கு நடுவில் நவரட்ணம் அண்ணையின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

அந்த வருடம் அவர் ஆறு ஆட்டத்தில் கோல் காத்தார். ஆறிலும் ஒரு கோல்கூட வாங்கவில்லை. ஏழாவது ஆட்டம்தான் இது. அன்றைக்கு மைதானத்தை விட்டு வெளியே வரும்போது எங்கள் கல்லூரிப் பெடியன்களே அவர் தலையில் மண்ணை அள்ளிக் கொட்டினார்கள். அவருடைய சைக்கிளின் இரண்டு ரயரையும் கீறிவிட்டிருந்தார்கள். ஏழு மைல் உருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். பரிசளிப்பு விழாவில் அணியில் விளையாடிய பத்துப் பேருக்குக் கல்லூரியின் வர்ண விருது கொடுத்தார்கள். பதினோராவது ஆளின் பெயரை வாசிக்கவில்லை. அடுத்த தவணை அவர் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை பார்த்தார். எண்பத்தேழில் மனைவியையும் கைக்குழந்தைப் பருவம் விட்டு நடக்கத் தொடங்கியிருந்த மகளையும் கூட்டிக்கொண்டு ரொறன்ரோ வந்தார். மார்க்கம் நகரில் கார்களுக்கு இருக்கை செய்கிற பக்ரறி ஒன்றில் பாரம் தூக்கும் போர்க்லிவ்ற் ஓட்டினார். அங்கே அவருக்கு நவா என்று பெயர். எங்களிடம் வந்தால் படலை.

பிறகு ஏன் அந்தக் கடைக்கு வந்தார் என்று கேட்கலாம். உதைபந்தாட்டத்தில் அவருக்கிருந்த பைத்தியம் குறையவில்லை. வேறெங்கே போவது? ஆட்டத்தன்று காலை ஏழு மணிக்கே வந்து கோல் கம்பத்துக்கு வலை கட்டுகிறவர் அவர்தான்.

அந்த ஜூலை மாதம் ஒரு சனிக்கிழமை, பொன்னம்பலம் அண்ணை என்னை ஒரு பக்கம் கூப்பிட்டார். நான் சங்கத்தின் செயலாளர். பாட்டு, பகிடி நாடகம் எழுதுகிறவன் என்றும் எனக்கு ஒரு பெயர் இருந்தது.

"வாகீசன், இந்த முறை ஒண்டுகூடலுக்கு எழுபத்திரண்டை நாடகமாப் போடுவம். நீர் எழுதும். காட்போட்டிலை ஒரு படலை செய்தா நல்லா இருக்கும்."

இரண்டு நாளில் எழுதி முடித்தேன். நன்றாகவே வந்தது. படலையே வாய் திறந்து பேசுவதாக ஒரு இடம் வைத்திருந்தேன். அதை வாசித்துக் காட்டியபோது பொன்னம்பலம் அண்ணை கண்ணீர் வரச் சிரித்தார்.

நாடகம் போடுகிற கதை எப்படியோ வெளியே போய்விட்டது. நவரட்ணம் அண்ணையின் மகள் கௌசிக்கு அப்போது பதினொரு வயது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் யாரோ ஒரு பிள்ளை அவளைப் "படலையின்ரை மகள்" என்று கூப்பிட்டிருக்கிறது. அவள் வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் வைத்துக் கேட்டாள்.

"அப்பா, படலை எண்டா கேற் தானே? ஏன் உங்களை அப்பிடிக் கூப்பிடுகினம்? பிளே ஒண்டும் போடப் போயினமாம்."

இதெல்லாம் பிறகு அவருடைய மனைவி யோகமலர் அக்கா எனக்குச் சொன்னவை. அவர் சாப்பாட்டை அப்படியே விட்டு எழும்பினாராம். கையைக் கழுவிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு நேரே கடைக்கு வந்திருக்கிறார். நான் அங்கே நின்றேன். அன்றைக்கும் யாரோ "கிறீச்" என்றார்கள். அவர் சிரிக்கவில்லை.

"பொன்னம்பலம், அந்த நாடகம் வேண்டாம்."

"அட, அது பகிடிக்கு மச்சான். ஊர் கிடக்கிற கிடைக்கு இஞ்சை சனம் ஒருக்காச் சிரிச்சா என்ன குறையுது?"

"என்னை வைச்சே சிரிக்க வேணும்?"

"உன்னை வைச்சு ஆர் சிரிச்சது? எழுபத்திரண்டை வைச்சுத்தான். நீயும் முன்வரிசையிலை வந்து இருந்து சிரி. அதுதான் வடிவு."

நவரட்ணம் அண்ணை அவருக்குக் கிட்டப் போனார். "என்ன நடந்ததெண்டு உனக்குத் தெரியும்," என்றார். சத்தமாகச் சொல்லவில்லை.

பொன்னம்பலம் அண்ணை கல்லாப் பக்கம் திரும்பி இன்னொரு ரீ கேட்டார். அந்தத் திரும்பலை நான் கண்டேன். கண்டும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. நாடகத்தில் ஒரு வசனம் நீளமாக இருக்கிறதே, அதை எப்படி வெட்டுவது என்றுதான் யோசித்துக்கொண்டு நின்றேன்.

அன்றைக்குப் பின்னேரம் நவரட்ணம் அண்ணை மனைவிக்கு நடந்ததைச் சொன்னார். கலியாணம் கட்டிப் பதினாறு வருடத்தில் முதல் தடவை.

பந்து உருண்டு வந்தது உண்மை. அவர் அதை எடுக்க முன்னுக்கு இரண்டு அடி வைத்ததும் உண்மை. அப்போது பொன்னம்பலம் "விடு நவம், என்ரை பந்து" என்று கத்தினார். கப்டன் கூப்பிட்டால் கோல் கீப்பர் விட வேண்டும். அப்படித்தான் பழக்கம். இவர் கையை இழுத்துக்கொண்டு நின்றார். பொன்னம்பலம் ஓடிவந்து காலைத் தூக்கினார். எதிரே இக்னேசியஸ் பாய்ந்து வருவதைக் கண்டார். கால் முறிந்துவிடும் என்று பயந்து ஒதுங்கினார். பந்து அவர் தூக்கின காலுக்குக் கீழால் வந்து இவருடைய கால்களுக்கு இடையால் போனது. கரையில் நின்ற ஆயிரக்கணக்கான சனத்துக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கீப்பர் குனிந்தபடி நிற்கிறான், பந்து வலைக்குள் கிடக்கிறது.

யோகமலர் அக்காவுக்கு வந்த கோபம் முதலில் புருசன் மேலேயே வந்தது.

"பதினாறு வருஷம் என்னோடை இருந்திருக்கிறியள். என்னட்டையே ஏன் சொல்லேல்லை?"

"சொன்னாச் சாட்டுச் சொல்லுறான் எண்டுவாங்கள். அண்டைக்கே சொல்லியிருக்க வேணும். அண்டைக்குக் கப்டனைக் காட்டிக் குடுக்கக் கூடாதெண்டு நிண்டன். அவன் தானே சொல்லுவான் எண்டு நினைச்சன்."

"போன வருஷம் ஒரு கலியாண வீட்டிலை படலையின்ரை மனிசி எண்டு என்னைக் காட்டிச்சினம். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நிண்டன். அதுக்கு நீங்கள்தான் என்னை ஆளாக்கினீங்கள், பொன்னம்பலம் இல்லை."

அந்த அக்கா வயோதிபர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்கிறவ. அன்றைக்கு இரவு வேலைக்குப் போய், பெரிய சட்டி ஒன்றைக் கழுவும் தொட்டிக்குள் போட்ட வேகத்தில் மேற்பார்வையாளர் ஓடிவந்தாராம்.

ஆட்டத்துக்கு முதல்நாள் சனிக்கிழமை மத்தியானம் ஒன்றுகூடல். மில்லிக்கனில் ஒரு மண்டபம் எடுத்திருந்தோம். இருநூறு பேர் வந்திருப்பார்கள். வாசலில் பச்சை மஞ்சள் கொடி. உள்ளே ஆட்டிறைச்சிக் கறி மணம். பாட்டு, கல்லூரிக் கீதம், தலைவர் உரை. நவரட்ணம் அண்ணையும் மனைவியும் மூன்றாம் வரிசையில் வந்து இருந்ததைக் கண்டு எனக்குச் சந்தோசமாக இருந்தது. நாடகம் வேண்டாம் என்று சொன்னாலும் அவர் பெருந்தன்மையான மனிதர் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை எண்ணினால் இன்றைக்கும் எனக்கு என்மேல் ஆத்திரம் வரும்.

நாடகம் தொடங்கியது. நான் மேடை ஓரத்தில் மைக்கைப் பிடித்து நேர்முக வர்ணனை சொல்கிறேன். இரண்டு பேர் காட்போட் படலையைத் தூக்கிக்கொண்டு வந்து நடுவில் வைத்தார்கள். லூக்ஸ் உடுப்புப் போட்டவர் கடற்கரைப் பந்து ஒன்றைத் தட்டினார். "வருது... வருது..." என்றேன். சனம் எனக்கு முன்னாலேயே "கிறீச்" என்று கத்தியது. பிள்ளைகள்கூட.

நவரட்ணம் அண்ணை எழும்பினார். அவசரப்படாமல் நடந்துவந்து மேடையில் ஏறினார். என் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினார்.

"அண்டைக்கு அந்தப் பந்தைப் பொன்னம்பலம் கூப்பிட்டவன்," என்றார். "விடு, என்ரை பந்து எண்டு கூப்பிட்டவன். நான் விட்டன். அவன் பயந்து ஒதுங்கினவன். இருபத்துநாலு வருஷமா அவன் இதைச் சொல்லேல்லை. நீங்கள் ஒருத்தரும் என்னட்டைக் கேட்கவும் இல்லை."

மண்டபம் அடங்கியது. எல்லோரும் முன்வரிசையைப் பார்த்தார்கள். பொன்னம்பலம் அண்ணை எழுந்து, சால்வையைச் சரிசெய்துகொண்டு, பத்திரிகையில் வருகிற அதே சிரிப்போடு சொன்னார்:

"நவம், எனக்கு ஞாபகம் இல்லை மச்சான். உனக்கு மனசுக்கு ஆறுதல் எண்டால் நான் கூப்பிட்டனான் எண்டே வைப்பம். சரியோ? வா, சாப்பாடு ஆறுது."

சனம் சிரித்தது. முதலில் கொஞ்சம், பிறகு எல்லோரும், ஒரு சங்கடம் தீர்ந்துபோன நிம்மதியில். அந்தச் சிரிப்பு அடங்க முதல் பின்னாலிருந்து ஒரு குரல் மறுபடி "கிறீச்" என்றது.

நவரட்ணம் அண்ணை மைக்கை மேடையில் வைத்துவிட்டுக் காட்போட் படலையை உதைத்தார். அது விழவில்லை. கால் முழங்கால் மட்டும் அதற்குள் போய் மாட்டிக்கொண்டது. இழுத்தார், வரவில்லை. ஒரு காலில் துள்ளினார். சிரிப்பு கூரையில் முட்டியது. பக்கத்தில் நின்ற நான் கை கொடுக்கவில்லை.

யோகமலர் அக்கா மேடைக்கு வந்தா. குனிந்து, காட்போட்டைக் கிழித்து, புருசனின் காலை வெளியே எடுத்தா. அவருடைய காற்சட்டையைத் தட்டிவிட்டா. பிறகு என்னைப் பார்த்தா.

"வாகீசன், நீர் எழுதினதோ?"

"ஓம் அக்கா."

"எழுபத்திரண்டிலை நீர் மட்சுக்குப் போனனீரோ?"

அவ கிழிந்த படலையை இரண்டாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முன்னே நடந்தா. அவர் பின்னே போனார். வாசல் கதவு மூடினபோது யாரும் எந்தச் சத்தமும் வைக்கவில்லை. ஆனால் ஐந்து நிமிடத்தில் சாப்பாட்டு வரிசை நிறைந்துவிட்டது.

அடுத்தநாள் ஆட்டம். நல்ல வெயில். மைதானத்தின் இந்தக் கரையில் எங்கள் பச்சை மஞ்சள், அந்தக் கரையில் லூக்ஸ்காரரின் சிவப்பு வெள்ளை. கார்கள் கொடி கட்டிக்கொண்டு வந்து இறங்கின. தவில் ஒன்று, பாண்ட் மேளம் இரண்டு. அடுப்பை மூட்டி யாரோ கொத்துரொட்டி அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். வலை கட்ட அன்றைக்கு ஆளில்லாமல் நாங்கள் நாலு பேர் முக்கால் மணித்தியாலம் சிக்கெடுத்தோம். நவரட்ணம் இனி வரமாட்டான் என்று சிலர் சொன்னார்கள்.

ஆட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது அவருடைய கார் வந்தது. அவரும் மனைவியும் இறங்கினார்கள். இரண்டு மடக்குக் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு எங்களைக் கடந்து, கோல் கம்பத்துக்குப் பின்னால் சுற்றி, நேரே லூக்ஸ் கரைக்குப் போய் அங்கே விரித்து உட்கார்ந்தார்கள். எங்கள் கரை முழுக்க எழும்பி நின்று பார்த்தது. நான் மேசையில் இருந்து ஒலிபெருக்கியில் அணிகளின் பெயரை வாசித்துக்கொண்டிருந்தேன். எட்டாவது பெயரில் நின்றுபோனேன்.

அவர் கதிரை விரித்தது இக்னேசியஸுக்குப் பக்கத்தில். எழுபத்திரண்டில் அந்தக் கோலை அடித்த அதே இக்னேசியஸ். இங்கே பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். மூட்டு வலியால் தடியூன்றி நடக்கிறவர். முதல்நாள் மண்டபத்தில் நடந்தது அவர் காதுக்கும் போயிருந்தது. அவர்கள் பேசிக்கொண்டதை யோகமலர் அக்கா கேட்டிருக்கிறா.

"அவன் கத்தினது எனக்குக் கேட்டது," என்றாராம் இக்னேசியஸ், மைதானத்தைப் பார்த்தபடி. "விடு நவம் எண்டு. அதாலைதான் நான் பாய்ஞ்சு வந்தனான்."

"இவ்வளவு நாளும் ஏன் சொல்லேல்லை?"

"ஆரும் கேட்கேல்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பனோ தெரியாது. என்ரை வாழ்க்கையிலை நாலு பேருக்குத் தெரிஞ்சது அந்த ஒரு கோல்தான், நவரட்ணம்."

"அப்ப நீரும் கள்ளன்தான்."

"ஓம்," என்றாராம் இக்னேசியஸ். போத்தலில் இருந்த தண்ணீரை இவருக்கு நீட்டியிருக்கிறார். இவர் வாங்கவில்லை. எழும்பிப் போகவும் இல்லை.

இடைவேளை வந்தபோதும் கோல் இல்லை. பொன்னம்பலம் அண்ணைக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆட்டத்தை யாரும் பார்க்கவில்லை, எல்லோரும் அந்தக் கரையில் இருக்கிற இரண்டு கதிரையையே பார்க்கிறார்கள். "வாரும், அவனைக் கூட்டிக்கொண்டு வருவம்," என்று என்னையும் இழுத்துக்கொண்டு மைதானத்துக்குக் குறுக்கே நடந்தார்.

"நவம், வா இஞ்சாலை. சனம் பாக்குது. நேற்று நடந்ததை விடு," என்றார்.

"சொல்லு," என்றார் நவரட்ணம் அண்ணை. இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

"என்னத்தைச் சொல்ல?"

"கூப்பிட்டனியோ இல்லையோ?"

பொன்னம்பலம் அண்ணை இக்னேசியஸைப் பார்த்தார். யோகமலர் அக்காவைப் பார்த்தார். பிறகு குனிந்து, பேச்சு மூன்று அடிக்கு அப்பால் போகாதபடி சொன்னார்: "கூப்பிட்டனான். சரியோ? பதினெட்டு வயசு. கால் முறிஞ்சிடும் எண்டு பயந்திட்டன். இப்ப வா."

"அதை அங்கை மைக்கிலை சொல்லு."

"விசர்க்கதை கதையாதை."

"அப்ப போ."

பொன்னம்பலம் அண்ணை நிமிர்ந்தார். சிரிப்பு இல்லாமல் அவருடைய முகத்தை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். "உன்ரை குணத்தாலைதான் உனக்கு அண்டைக்கு விருது கிடைக்கேல்லை," என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். நானும் பின்னால் நடந்தேன். திரும்பி வருகிற வழி முழுக்க அவர் என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "உது வெளியிலை போகக் கூடாது."

இரண்டாம் பாதி தொடங்கி இருபது நிமிடம் ஆகியிருக்கும். எங்கள் பக்கத்து ஆள் ஒருவர் வலது கரையால் பந்தைக் கொண்டுபோய் உள்ளே தூக்கிக் கொடுக்க, இன்னொருவர் தலையால் முட்டினார். கோல். எங்கள் கரை எழும்பி ஆடியது. நான் மைக்கில் கத்திக்கொண்டே எதிர்க்கரையைப் பார்த்தேன். சிவப்பு வெள்ளைக் கூட்டம் முழுக்கத் தலையில் கைவைத்து இருக்க, நடுவில் ஒரே ஒரு ஆறடி மனிதர் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு, "இலந்தையடி" என்று தொண்டை கிழியக் கத்தினார். தான் எங்கே இருக்கிறேன் என்பதே அவருக்கு மறந்துபோயிற்று. இக்னேசியஸ் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்து இருத்தினார்.

அதைக் கண்டபோது எனக்குள் ஏதோ ஒன்று அறுந்தது. வெட்கம் என்பதா, ஆத்திரம் என்பதா தெரியாது. மைக் கையில் இருந்தது.

"எழுபத்திரண்டாம் ஆண்டு அந்தப் பந்தைத் தான் கூப்பிட்டதாகவும், பயந்து ஒதுங்கியதாகவும் எங்கள் தலைவர் பொன்னம்பலம் இடைவேளையில் என் காதுபடச் சொன்னார்," என்றேன். "கோல் கீப்பர் நவரட்ணத்தில் பிழை இல்லை. நாடகம் எழுதிய வாகீசன் பேசுகிறேன்."

மேளம் நின்றது. விளையாடிக்கொண்டிருந்தவர்களே இரண்டொருவர் திரும்பிப் பார்த்தார்கள். பொன்னம்பலம் அண்ணை மேசைக்கு ஓடிவந்து ஒலிபெருக்கியின் வயரைப் பிடுங்கினார். "பொய்," என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "இவன் இல்லாததைச் சொல்லுறான்."

நவரட்ணம் அண்ணை கரையால் சுற்றி எங்களை நோக்கி வந்தார். நன்றி சொல்ல வருகிறார் என்று நினைத்தேன். மேசைக்கு முன்னால் வந்து நின்று என்னைத்தான் பார்த்தார்.

"உம்மட்டை ஆர் கேட்டது?"

"அண்ணை, நான்..."

"நேற்று என்ரை கால் மாட்டுப்பட்டு நிக்கேக்கை பக்கத்திலை நிண்டனீர். அப்ப வாய் திறக்கேல்லை. இண்டைக்கு மைக் பிடிச்சு நல்ல பிள்ளை ஆகிறீரோ? அது அவன்ரை வாயாலை வர வேணும். உம்மடை வாயாலை வந்து எனக்கு என்ன?"

சொல்லிவிட்டு வந்த வழியே போனார்.

ஆட்டத்தை ஒன்றுக்குப் பூச்சியத்தில் நாங்கள் வென்றோம். எனக்குத் தெரிந்து கோப்பையை ஒழுங்காகத் தூக்கிக் கொண்டாடாமல் கலைந்த ஒரே வருடம் அதுதான்.

அடுத்த கிழமை என்னைச் செயற்குழுவிலிருந்து நீக்கினார்கள். பொன்னம்பலம் அண்ணை இன்னும் இரண்டு வருடம் தலைவராக இருந்தார். சிலர் என்னை நம்பினார்கள், பலர் நம்பவில்லை. இன்னும் சிலர், கூப்பிட்டாலும் கீப்பர் பிடித்திருக்க வேண்டும்தானே என்றார்கள். யோகமலர் அக்கா மட்டும் விடவில்லை. தொலைபேசிப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு இலந்தையடிக் குடும்பங்களுக்கு ஒவ்வொன்றாக எடுத்து, இடைவேளையில் தான் கேட்டதைச் சொன்னா. சனிக்கிழமை புருசனோடு கடைக்கு வந்து, கல்லாவுக்கு முன்னால் நின்று, ஆண்கள் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தா.

"இண்டைக்கு ஆர் சத்தம் போடப் போறியள்?" என்று கேட்டா.

ஒருவரும் போடவில்லை. பொன்னம்பலம் அண்ணை ரோல்ஸ் பார்சலை வாங்கிக்கொண்டு வெளியே போனார். எழுபத்திரண்டுக் கதை அந்தக் கடையில் அதற்குப் பிறகு குறைந்துபோயிற்று. சொல்ல ஆசையில்லாமல் இல்லை. எப்படிச் சொல்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

ஓகஸ்ட் வந்தால் நவரட்ணம் அண்ணை லூக்ஸ் கரையில்தான் உட்கார்ந்தார். எங்களுக்குக் கோல் விழுந்தால் அங்கேயிருந்து கத்தினார். இக்னேசியஸோடு ஆட்டத்தைப் பற்றி மட்டும் பேசினார். என்னோடு ஒரு வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒருநாள் தானாகத் தொலைபேசி எடுத்து, வலை கிழிந்து கிடக்கிறது, தைக்க நூல் வாங்கிக்கொண்டு வாரும் என்றார். போனேன். மூன்று மணித்தியாலம் தைத்தோம். அப்போதுதான் இவ்வளவையும் முதல் தடவையாக அவருடைய வாயால் கேட்டேன்.

"பொன்னம்பலம் அண்ணையோடை இன்னும் கோவமோ?" என்று கேட்டேன்.

"ஓம்," என்றார். "ஏன், கோவம் போக வேணுமோ?"

தொண்ணூற்றெட்டு ஒக்ரோபரில் யூனியன்வில்லில் ஒரு கலியாணம். இரண்டு பேரும் வந்திருந்தார்கள். பொன்னம்பலம் அண்ணைக்கு அந்த வருடம் இதயத்தில் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. ஆள் மெலிந்து, கோட்டு தோளில் தொங்கியது. சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் எதிரெதிரே வந்துவிட்டார்கள். பொன்னம்பலம் அண்ணை கையை நீட்டினார்.

"நவம், எங்களுக்கும் வயசு போகுது," என்றார்.

சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். நவரட்ணம் அண்ணை அந்தக் கையைப் பார்த்தார்.

"இப்ப இவ்வளவு சனம் நிக்குது. சொல்லன்," என்றார்.

பொன்னம்பலம் அண்ணையின் உதடு ஒருமுறை அசைந்தது. சத்தம் வரவில்லை. கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு அவர் அதைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

நவரட்ணம் அண்ணை அவரைத் தாண்டிப் போய், ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார். அன்றைக்கு அவர் பாயசம் இரண்டாம் தரமும் வாங்கிக் குடித்தார்.